கோள வரைபடத்தில் திசை தவறுவது ஏன்? கேமராவைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டையான வரைபடத்தில் பல ஆண்டுகள் வியூக விளையாட்டுகளை ஆடித் தேர்ந்தவர்கள்கூட, ஒரு முழுக் கோளத்தின் மேல் படை நடத்த வரும்போது முதல் சில ஆட்டங்களில் தங்கள் சொந்தத் தளத்தையே தேடிக்கொண்டிருப்பார்கள். 1994-இல் வந்த முதல் எக்ஸ்-காம் விளையாட்டில் உலக உருண்டை இருந்தது. ஆனால் அதில் சண்டை நடந்த களம் தட்டையானது. 2014-இல் வெளியான பிளானட்டரி அனிஹிலேஷனில் போரே கோள்களின் மேற்பரப்பில் நடக்கிறது. 2021-இல் முன்னோட்டமாக வெளிவந்த டைசன் ஸ்பியர் புரோகிராமில் தொழிற்சாலைகளைக் கட்டுவதே ஒரு சிறு கோளைச் சுற்றித்தான். இத்தகைய விளையாட்டுகளில் வழி தவறினால் பலரும் தங்கள் கவனக்குறைவையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவன்று. தட்டைப் பரப்பில் சரியாக இருந்த ஒரு பழக்கம் வளைந்த பரப்பில் பொய்த்துப் போவதே காரணம்.

அந்தப் பழக்கம், திரையின் மேல்பக்கம் எப்போதும் வடக்கு என்று நம்புவது. தட்டை வரைபடத்தில் கேமராவைச் சுழற்றாத வரை அதை எங்கே நகர்த்தினாலும் வடக்கு மாறாது. கோளத்தில் கேமராவைச் சுழற்றும் விசையைத் தொடாமலே வடக்கு மாறிவிடும். இதை நம்பக் கடினமாக இருந்தால், கேமராவுக்குக் கட்டுப்பாடு எதுவும் விதிக்காத ஒரு விளையாட்டில் சோதித்துப் பாருங்கள். நடுக்கோட்டின் மேல் உங்கள் தளம் இருக்கிறது, திரையின் மேல்பக்கம் வடக்கு என்று வைத்துக்கொள்வோம். கேமராவை மேல்நோக்கி மட்டும் நகர்த்தி வட துருவத்துக்குச் செல்லுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் மட்டும் நகர்த்தி மீண்டும் நடுக்கோட்டுக்கு இறங்குங்கள். இப்போது உங்கள் தளம் மேற்கே, கோளின் கால் சுற்றுத் தொலைவில் இருக்கிறது. ஆனால் திரையில் அது கீழ்ப்பக்கம் இருக்கும். கீழ்நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால் புறப்பட்ட இடத்துக்கே சேர்வீர்கள். அதே தளம், அதே கட்டடங்கள், ஆனால் திரையின் மேல்பக்கம் கிழக்காகவும் வடக்கு இடப்பக்கமாகவும் இருக்கும். சுழற்றும் விசையை ஒருமுறைகூட அழுத்தாமல் காட்சி சரியாக 90 பாகை திரும்பிவிட்டது.

இதில் விளையாட்டின் பிழை எதுவும் இல்லை. நீங்கள் சுற்றி வந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் செங்கோணங்கள்; அவற்றின் கூட்டுத்தொகை 270 பாகை. தட்டைப் பரப்பில் வரவேண்டிய 180 பாகைக்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அவ்வளவே காட்சியும் திரும்பும். கேமரா வளைத்து வந்த நிலப்பரப்பு முழுக் கோளில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கை 720 பாகையால் பெருக்கினால் திரும்பும் அளவு கிடைத்துவிடும். மேற்சொன்ன முக்கோணம் கோளின் எட்டில் ஒரு பங்கு. எனவே 90 பாகை. 72-இல் ஒரு பங்கை வளைத்து வந்தால் 10 பாகை. ஒரே ஒரு 10 பாகை கண்ணில் படாது, அதனால்தான் அது ஆபத்தானது. எல்லையைப் பார்க்க ஒரு சுற்று, சுரங்கத்தைப் பார்க்க ஒரு சுற்று, படை நகர்வைப் பார்க்க ஒரு சுற்று என்று ஒரே வாட்டமாகப் போய்வந்தால், கால் மணி நேரத்தில் வடக்கு எங்கோ ஓர் ஓரத்துக்கு நகர்ந்திருக்கும்.

எனக்கு இது நன்றாகப் புரிந்தது ஓர் ஆட்டத்தின் நடுவில்தான். என் தளத்தின் வடக்கே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. எதிரி அந்தப் பக்கமாகத்தான் வருவான் என்று அதன் விளிம்பில் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தத் தொடங்கினேன். மூன்று நான்கு முறை வேறிடங்களுக்குப் போய்த் திரும்பிய பிறகு, மீதிப் பீரங்கிகளையும் திரையின் மேல்பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போனேன். பள்ளம் அப்போது இடப்பக்கம் வந்துவிட்டிருந்தது. பாதி வரிசை வடக்கையும் பாதி வரிசை யாரும் வராத கிழக்கையும் காத்துக்கொண்டு நின்றது. பள்ளம் என் கண்ணெதிரேதான் இருந்தது. திரையின் மேல்பக்கத்தை நம்பிய நான் பள்ளத்தைப் பார்க்கத் தவறினேன்.

திரும்பிய காட்சியைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி நேராக்க முயல்வது அடுத்த தவறு. எது நேர் என்று கண் மதிப்பாகச் சொல்ல முடியாத நிலையில் ஒரு பிழையின் மேல் இன்னொரு பிழையைத்தான் ஏற்றுகிறோம். கேமராவைத் துருவத்தோடு பூட்டி வைக்கும் அமைப்பு, அல்லது ஒரே அழுத்தில் வடக்கை மேலே கொண்டுவரும் விசை, இவற்றில் ஒன்றாவது விளையாட்டில் இருக்கிறதா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பாருங்கள். விசை இருந்தால், தொலைவுக்குப் போய்த் தளத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதை அழுத்துவதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

துருவப் பூட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுவதும் சரியன்று. வடக்கை எப்போதும் மேலே நிறுத்தும் கேமரா, நடுக்கோட்டைச் சுற்றியுள்ள அகன்ற பட்டையில் அருமையாக வேலை செய்யும். துருவத்தை நெருங்க நெருங்கத் தடுமாறும். 60 பாகை அட்சரேகையின் சுற்றளவு நடுக்கோட்டில் பாதிதான். 80 பாகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கேமரா தரையின் மேல் ஒரே வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது என்றால், 80 பாகையில் அது நடுக்கோட்டில் இருப்பதைப் போல ஆறு மடங்கு விரைவாகத் தீர்க்கரேகைகளைக் கடக்கும்; வடக்கை மேலே வைத்திருக்கக் காட்சியும் அதற்கேற்பச் சுழன்றுகொண்டே இருக்கும். துருவத்தின் மேலேயே வடக்கு என்று ஒரு திசை கிடையாது; சில கேமராக்கள் அங்கே நின்றுவிடும், சில சட்டென்று தலைகீழாகப் புரளும். ஆகவே துருவப் பகுதியில் சண்டை மூண்டால் பூட்டை விடுவித்து, அங்குள்ள ஒரு மலையையோ கட்டடத்தையோ திசைக்குறியாகக் கொண்டு ஆடுங்கள். சண்டை முடிந்து வெளியேறும்போது மீண்டும் பூட்டுங்கள். வட துருவத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது தெற்குத்தான், தென் துருவத்திலிருந்து நகர்ந்தால் வடக்குத்தான் என்பதையும் அப்போது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தரையை ஒட்டிய நெருக்கக் காட்சியிலேயே நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போவதும் வழிதவறச் செய்யும். திரையில் நாலு கட்டடங்கள் மட்டுமே தெரியும் உயரத்தில் கோளின் வளைவு தெரியாது. எவ்வளவு தூரம் வந்தோம் என்ற கணக்கும் நழுவிவிடும். முதலில் உயர எழும்பி, போகவேண்டிய இடத்தைக் கண்ணால் பார்த்து, அதன் மேல் சுட்டியை வைத்து இறங்குவதே நல்லது. அதே நேரம், எவ்வளவு உயரம் போனாலும் கோளில் பாதிகூடக் கண்ணில் படாது. கோளின் ஆரத்துக்குச் சமமான உயரத்திலிருந்து பார்த்தால் மேற்பரப்பில் நாலில் ஒரு பங்குதான் தெரியும். அதிலும் விளிம்பை ஒட்டிய பகுதிகள் சப்பையாக ஒடுங்கித் தெரிவதால், அங்கே ஒரு பெரும்படை நின்றாலும் மெல்லிய கோடாகவே தோன்றும். விளிம்பில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக அங்கே எதுவும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

முக்கியமான இடங்களின் கேமரா நிலைகளைச் சேமித்து வைக்கும் வசதியைப் பலர் தொடுவதே இல்லை. தளம், முன்னணி, இன்னும் பிடிக்காத ஆனால் பிடித்தாக வேண்டிய ஓரிடம் என மூன்றையாவது முதல் சில நிமிடங்களிலேயே சேமித்துவிட்டால், இழுத்து இழுத்துத் தேடும் வேலையே குறைந்துவிடும். கூட்டாளியோடு ஆடுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ‘எனக்கு இடப்பக்கம் வருகிறான்’ என்று சொல்வதால் கோளத்தில் ஒரு பயனும் இல்லை. கூட்டாளியின் திரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ‘பெரிய பள்ளத்துக்கும் ஏரிக்கும் நடுவே’ என்று நிலத்தை வைத்துச் சொன்னால் எந்தத் திரையிலும் அது ஒன்றாகவே இருக்கும். நிழலை மட்டும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். பகலும் இரவும் மாறும் கோளில் அது இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். அறுகோணக் கட்டங்களால் அமைந்த கோளங்களில் ஐங்கோணக் கட்டங்கள் நல்ல அடையாளங்கள். அறுகோணங்களை மட்டும் கொண்டு ஒரு கோளத்தை மூட முடியாது என்பதால், அவற்றுக்கிடையே 12 ஐங்கோணங்கள் இருந்தே தீரும்.

எதிரி வரும் திசையைத் தட்டைக் கணக்கில் ஊகிப்பதும் கேமராவைத் தவறான பக்கம் நிறுத்திவிடும். நீங்கள் 60 பாகை வட அட்சரேகையில் இருக்கிறீர்கள், எதிரியும் அதே அட்சரேகையில் கோளின் மறுபக்கத்தில் இருக்கிறான் என்று கொள்வோம். விரித்துப் போட்ட சிறு வரைபடத்தில் அவன் நேர் கிழக்கே இருப்பதாகத் தெரியும். அட்சரேகையை ஒட்டியே அவன் விமானங்கள் வந்தால் கடக்கவேண்டிய தூரம், நடுக்கோட்டுக் கணக்கில் 90 பாகை. துருவத்தின் மேலாக வந்தால் 60 பாகைதான். அவை வடக்கிலிருந்துதான் வரும். நீங்கள் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரு தளங்களுக்கும் இடையே உள்ள குறுக்கு வழியை அறிய, கோளைச் சுழற்றி இரண்டையும் ஒரே காட்சியில், திரையின் நடுவுக்கு நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் சம தூரத்தில் கொண்டுவாருங்கள். திரையில் அவற்றை இணைக்கும் நேர்கோடு எந்த நிலத்தின் மேல் விழுகிறதோ, அதுவே வழி.

எவ்வளவு உயரம் போனாலும் இப்படி இரண்டையும் ஒருசேரக் காட்ட முடியாத ஒரே நிலை, எதிரி உங்களுக்கு நேர் எதிர்முனையில் இருப்பது. அப்போது எல்லாத் திசைகளிலும் தூரம் ஒன்றே. அவன் எந்தப் பக்கமாகவும் வரலாம் என்பதால் எந்த ஒரு பக்கத்தையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பது வீண். பிளானட்டரி அனிஹிலேஷனில் உள்ளதைப் போல இரண்டாவது காட்சிச் சாளரத்தைத் திறக்க முடியுமானால், அதை அவன் தளத்தின் மேல் நிறுத்திவிடுங்கள்; படை எந்தப் பக்கம் புறப்படுகிறது என்பது அங்கேதான் முதலில் தெரியும்.