தனியார் பார்க்கிங்கில் இருந்து காரை இழுத்துச் சென்றுவிட்டார்களா?

நிறுத்திய இடத்தில் கார் இல்லையென்றால், திருட்டா, இழுத்துச் சென்றார்களா என்று முதலில் காவல்துறையிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இழுத்துச் சென்றதுதான் என்றால் உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்த இடத்தைப் போனில் படம் எடுங்கள். வண்டி அகற்றப்படும் என்று எச்சரிக்கும் பலகை நுழைவாயிலிலேயே தெரிகிறதா, மரம் மறைக்கிறதா, இரவில் படிக்க வெளிச்சம் உண்டா? பெரும்பாலும் உங்கள் வாதம் இந்தப் பலகையைச் சுற்றித்தான் இருக்கும். மறுநாளே புதுப் பலகை முளைத்துவிடலாம், அதனால் அன்றே எடுத்துவிடுவது நல்லது. பார்க்கிங் சீட்டு, கடை ரசீது இருந்தால் பத்திரம்.

அநியாயம்தான், கோபம் வரும். ஆனாலும் காரை இழுத்துச் சென்ற நிறுவனத்திடமே விட்டுவைக்காதீர்கள், அங்கே நிறுத்தி வைப்பதற்கான நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். பணத்தைக் கட்டி எடுங்கள். ரசீதில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். யார் சொல்லி, எத்தனை மணிக்கு இழுத்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். வெளியே ஓட்டும் முன் கீறல், நசுங்கல் இருந்தால் அதையும் படம் எடுக்க வேண்டும்.

அப்புறம் இடத்தின் உரிமையாளருக்கும் இழுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லையென்றால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆட்சேபிக்கும் காலக்கெடு சில இடங்களில் மிகக் குறுகியது, அதை முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.