1940-களின் பிரிட்டன் பெண்களைப் போலக் காலுறையைப் பேணவும், இல்லாதபோது வரையவும்

1940-களின் பிரிட்டனைக் களமாகக் கொண்ட நாடகத்திற்கு ஒப்பனை செய்பவர்கள், பெண்களின் காலில் பளபளக்கும் நைலானை மாட்டிவிட்டால் அந்தக் காலமே பொய்யாகிவிடும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941 ஜூன் 1-ஆம் தேதி அங்கே துணிப் பங்கீடு தொடங்கியபோது, ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்களே கிடைத்தன. கம்பளி கவுனுக்கு 11 கூப்பன்களும், ஒரு ஜோடி காலுறைக்கு 2 கூப்பன்களும் போயின. பட்டு பாராசூட்டுக்குத் தேவைப்பட்டதால், பெரும்பாலோர் ரேயான் என்னும் செயற்கை இழையையோ பருத்தியையோதான் அணிந்தார்கள். ஆகவே அவற்றையே தேடுங்கள். பின்பக்கத்தில் தையல் கோடு கட்டாயம் இருக்கட்டும்.

ரேயான் நனைந்தால் வலுவிழக்கும் என்பதால், வெதுவெதுப்பான சோப்பு நீரில் மெல்ல அமுக்கித் துவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அணிய வேண்டும்.

கண்ணி கழன்று கோடாக ஓடிவிட்டால் தூக்கியெறியாதீர்கள். காலுறைக்குள் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்து, மிக மெல்லிய குரோஷே ஊசியை அடியில் தொங்கும் கண்ணிக்குள் நுழைத்து, அதற்கு மேலே குறுக்காகக் கிடக்கும் இழையைக் கொக்கியில் பிடித்துக் கண்ணி வழியே இழுங்கள். புதிய கண்ணி உருவாகும். இப்படியே இழை இழையாக மேலேறி, கடைசிக் கண்ணியை அதே நிற நூலால் முடிச்சிடுங்கள். வேலை மெதுவாகத்தான் நகரும். ஆனால் கூப்பன்களை எண்ணிச் செலவிட்ட ஒருத்திக்கு ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு முக்கியம் என்பது உங்கள் விரல்களுக்கே புரியும்.

காலுறையே கிடைக்காதபோது பல பெண்கள் காலுக்குச் சாயம் பூசினார்கள். கடைகளில் அதற்கென விற்ற திரவம் தீர்ந்துபோனால், குழம்புக்கு நிறமூட்டும் பழுப்புப் பொடியையே கரைத்துக்கொண்டார்கள். மேடைக்கு நீரில் கரையும் ஒப்பனைச் சாயம் போதும்: முடி நீக்கிய காலில் ஈரப் பஞ்சால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெல்லிய படலமாகப் பூசி, முழங்கால் மடிப்பிலும் குதிகாலிலும் திட்டுத்திட்டாகத் தேங்காமல் துடைத்து, முழுதும் உலர விடுங்கள். தையல் கோட்டைத் தானே வரைந்தால் வளைந்துவிடும். நடிகை இரு காலிலும் சமமாக ஊன்றி நிற்க, இன்னொருவர் கூர்மையான புருவப் பென்சிலால் குதிகாலிலிருந்து கெண்டைக்காலின் நடுவே நேராக மேலே கோடிழுக்கட்டும். வியர்வையில் கலையும் என்பதால், இடைவேளையில் தொட்டுச் சரிசெய்யப் பென்சிலைத் திரைக்குப் பின்னால் தயாராக வைத்திருங்கள்.