எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையில் பல கரும்புள்ளிகள்: எப்படிப் பார்ப்பது?

மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ திருகோணமலை நகருக்குக் கிளினிக்குக்கு வருபவர், கையிலுள்ள ஆங்கில அறிக்கையில் மூளையில் பல கரும்புள்ளிகள் இருப்பதாக எழுதியிருப்பதை யாரையாவது கொண்டு வாசித்ததும் புற்றுநோய் என்றே முடிவுகட்டிவிடுகிறார். அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது.

முதலில், புள்ளி எந்த வகைப் படத்தில் கறுத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே தடவையில் டி1, டி2, ஃபிளேர், எஸ்.டபிள்யூ.ஐ. எனப் பல முறைகளில் படமெடுப்பார்கள். டி1 படத்திலும் ஃபிளேர் படத்திலும் கறுத்து, டி2 படத்தில் மட்டும் வெளுத்திருந்தால் அது மூளைத் தண்டுவட நீரைப் போன்ற திரவம். 3 மில்லிமீற்றருக்கும் குறைவானவை பெரும்பாலும் இரத்தக்குழாயைச் சுற்றியுள்ள இயல்பான இடைவெளிகள். 3 முதல் 15 மில்லிமீற்றர் வரையிலானவை, குறிப்பாக ஃபிளேரில் வெள்ளை விளிம்பு தெரிந்தால், பழைய சிறு பாரிசவாதத்தின் தழும்பாக இருக்கலாம்.

எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் மட்டும் தெரியும் கருமைக்குத்தான் கூடுதல் பொறுமை வேண்டும். பழைய இரத்தக்கசிவு விட்டுச்சென்ற இரும்பும் சுண்ணாம்புப் படிவும் இதில் ஒரேமாதிரிக் கறுத்துத் தெரியும். அதுவும் நனைந்த தாளில் மை பரவியதுபோல் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும். மேலும் கீழுமுள்ள வெட்டுப்படங்களில் புள்ளியைப் பின்தொடரும்போது அது கோடாக நீண்டால், அது இரத்த நாளமே. அப்படி நீளாவிட்டால் எஸ்.டபிள்யூ.ஐ.யோடு சேர்ந்து கிடைக்கும் ஃபேஸ் படத்தைப் பாருங்கள்: சுண்ணாம்பும் இரத்தமும் அங்கே எதிரெதிர் நிறங்களில் தெரியும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் சி.ரி. ஸ்கேன் உதவும், ஏனெனில் அதில் சுண்ணாம்பு பளிச்சென்று வெளுக்கும்.

இரத்தக்கசிவுதான் என்றால், காரணத்தைப் பெரிதும் காட்டிக்கொடுப்பது இடமே. தலமசு, மூளைத்தண்டு, சிறுமூளை போன்ற ஆழப் பகுதிகளில் புள்ளிகள் செறிந்திருந்தால், பல வருடங்களாகக் கட்டுப்படாத பிரஷரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். முதியவரின் மூளைப் புறப்பகுதியில் மட்டும் பரவியிருந்தால், குழாய்ச் சுவரில் அமிலொயிட் புரதம் படிந்திருக்கலாம். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை அடிபட்டவருக்குச் சாம்பல் பொருளும் வெண்பொருளும் சந்திக்கும் எல்லையில் இருந்தால், நரம்பிழைகள் அறுந்ததன் அடையாளமாகலாம். குடும்பத்தில் வேறொருவருக்கும் இருந்தால், பரம்பரையாக வரும் கவர்னோமாவையும், அதாவது சிறு இரத்தக்குழாய்கள் முறையின்றித் திரண்ட முடிச்சையும், நினைக்க வேண்டும். புற்றுநோய்ப் பரவலிலும் இரத்தம் கசிந்து கறுக்கலாம்; ஆனால் அங்கே சுற்றிலும் வீக்கமும், மருந்தேற்றி எடுத்த படத்தில் ஒளிர்வும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

இந்த வாசிப்பு வைத்தியருடன் பேசுவதற்கான ஆயத்தம் மட்டுமே. அறிக்கைத் தாளோடு நில்லாமல் சீடியையும், பழைய ஸ்கேன்களையும், பிரஷர் அளவுகள் எழுதிய கிளினிக் கொப்பியையும் கொண்டுசெல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அஸ்பிரின் போன்றவற்றைக் கரும்புள்ளி என்ற சொல்லுக்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவற்றைத் தொடர்வதா என்பதை இதயத்தின் நிலையையும் சேர்த்துப் பார்த்து வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். திடீரென வாய் கோணினாலோ, கைகால் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.