பாயிங்க் ஓடும்போது கணினி திணறுகிறதா?

பாயிங்க் (BOINC) என்பது நம் கணினியின் மிச்சத் திறனை அறிவியல் ஆய்வுகளின் கணக்கீட்டுக்குத் தரும் மென்பொருள். அதில் ரொசெட்டா (புரத ஆய்வு), ஐன்ஸ்டைன் (வானியல் ஆய்வு) போன்றவற்றுக்குக் கணினியைக் கொடுத்திருக்கும் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை நண்பர்களுக்கு: இந்த வெயிலில் ஓட்டு வீட்டிலும் மொட்டை மாடி அறையிலும் முதலில் மாற்ற வேண்டியது பிராசசர் அளவுதான்.

ஆப்ஷன்ஸ் மெனுவில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' திறந்தால் இரண்டு சதவீதங்கள் இருக்கும். ஒன்று பிராசசரின் எத்தனை கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) ஓடலாம், மற்றொன்று எவ்வளவு நேரம் ஓடலாம் என்பது. பலரும் நேரத்தைக் குறைக்கிறார்கள். அப்போது வேலை நின்று நின்று ஓடும், சூடும் ஏறி இறங்கும். நான் சொல்வது, நேரத்தை 100 சதவீதத்திலேயே விட்டுவிட்டு கோர் எண்ணிக்கையைக் குறையுங்கள். 4 கோர் கணினியில் 50 சதவீதம் என்றால் 2 வேலைதான் ஓடும். நினைவகமும் கூடவே மிச்சமாகும், ஏனென்றால் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக ராம் பிடிக்கிறது. ரொசெட்டா வேலை ஒன்றே சில நேரம் 1 ஜிபியைத் தாண்டும்.

4 ஜிபி ராம்தான் என்றால், நீங்கள் கணினியில் வேலை செய்யும் நேரத்துக்கான நினைவக வரம்பை 30 சதவீதமாக்குங்கள். ராமில் அடங்காத வேலை காத்திருக்கும், அழிந்துபோகாது.

'நிறுத்திய வேலையை நினைவகத்தில் வை' என்ற தேர்வு 8 ஜிபிக்கு மேல் இருப்பவர்களுக்கு நல்லது. குறைந்த ராமில் அதை எடுத்துவிடுங்கள். கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து வேலை தொடரும். கரண்ட் போனாலும் அப்படித்தான். லேப்டாப் வைத்திருப்பவர்கள் பேட்டரியில் ஓடாதபடி நிறுத்திவைப்பது கட்டாயம்.