ஒண்ணாந்தேதிக்காரர்கள்: உடற்பயிற்சி ஊக்கத்தைக் கெடுக்கும் தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் புதிய முகங்கள் தென்படத் தொடங்கும். காதை மூடிய மப்ளர், அழுக்குப் படாத ஷூ, யாரையும் முந்திவிடும் வேகம் ஆகியவற்றை வைத்தே அவர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். தை முதல் வாரத்தில் கூட்டம் இரண்டு மடங்காகும். மாசி நடுவில் பார்த்தால் பழைய முகங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். பதினொரு ஆண்டுகளாக இதைப் பார்த்து வருகிறேன். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள், மாசியில் காணாமல் போகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

நான் உடற்பயிற்சி ஆசிரியன் அல்லன்; கோவை கணபதிப் பகுதியில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, செம்புக் கம்பியைக் காடிகளுக்குள் மூங்கில் குச்சியால் அழுத்தி இறக்கும் வேலை. முப்பத்தேழு வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நடக்கத் தொடங்கினேன், விட்டேன், தொடங்கினேன், மறுபடியும் விட்டேன். சென்ற மாதம், பட்டறையில் வேலை பழகும் தம்பி நான்கு நாள் என்னோடு நடந்துவிட்டு ஐந்தாம் நாள் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நேத்து முடியலீங்ணா. ஒண்ணாந்தேதியில இருந்து சுத்தமா ஆரம்பிச்சுர்றேனுங்ணா" என்றான். என்னுடைய பழைய குரலையே கேட்டது போலிருந்தது. அந்த ஒண்ணாந்தேதியின் மேல் உள்ள கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நேரத்தில் தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள் போன்ற அறிவுரைகளை விட்டுவிடுகிறேன். அவை தெரியாதவர் யாரும் இல்லை.

மனம் வரட்டும் என்று காத்திருப்பது

காலை ஐந்தரை மணிக்குப் போர்வைக்குள் இருந்துகொண்டு "இன்றைக்குப் போகலாமா?" என்று மனத்தைக் கேட்டால், அது என்ன பதில் சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு அந்த நேரத்தில் மனம் வருவதில்லை. முதல் எட்டு, பத்து நிமிடங்கள் முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறேன். உடம்பு சூடேறி, மூச்சு ஒரு சீருக்கு வந்த பிறகுதான் வந்தது நல்லது என்று தோன்றுகிறது. ஆக, மனம் நடையின் பின்னால் வருகிறது. இதை முன்பின்னாக மாற்றி வைத்துக்கொண்டு, ஊக்கம் என்ற ஒன்று எங்கிருந்தோ வந்து தம்மை எழுப்பிவிடும் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

காத்திருப்பதற்குப் பதிலாக, எப்போது, எங்கே, எதை முடித்தவுடன் என்பதை முந்தைய இரவே முடிவு செய்துவிட வேண்டும். பிரிட்டனில் மாணவர்களைக் கொண்டு நடத்தி 2002 இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், மாரடைப்பின் ஆபத்தைப் பற்றிப் படித்ததோடு, வரும் வாரம் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் பயிற்சி செய்யப்போகிறோம் என்று எழுதி வைத்தவர்களில் 91 விழுக்காட்டினர் அவ்வாறே செய்தனர். இரண்டும் செய்யாதவர்களில் 38 விழுக்காட்டினரே செய்தனர். மாரடைப்பின் ஆபத்தைப் பற்றிப் படிக்க மட்டும் வைக்கப்பட்டவர்களிடையே அது 35 விழுக்காடாக இருந்தது. வாட்ஸ்அப்பில் நாள்தோறும் நம்மைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் உறவினர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். என்னுடைய ஏற்பாடு எளிமையானது: வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும் ஷூவை மாட்டிக்கொள்வேன். பாலுக்கும் ஷூவுக்கும் நடுவே யோசிப்பதற்கு இடம் கிடையாது.

ஒரு நாள் தவறினால் ஒண்ணாந்தேதி வரை தள்ளிப்போடுவது

மற்றத் தவறுகளை மன்னித்துவிடலாம். இது ஒன்றுதான் என்னுடைய ஆறு ஆண்டுகளைத் தின்றது. இன்றைக்கும் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எரிச்சல் வருகிறது.

ஒன்பதாம் தேதி ஒருவருக்கு நடை தவறிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் தேதி அவர் நடந்தால் இழப்பு ஒரே நாள். ஆனால் "பாதியில் கெட்டுப்போனது கெட்டதுதான், அடுத்த மாதம் முதலிலிருந்து ஒழுங்காகச் செய்யலாம்" என்று அவர் முடிவெடுத்தால் மூன்று வாரம் போய்விடுகிறது. ஒண்ணாந்தேதி வரும்போது அன்றைக்கு ஒரு முகூர்த்தம் இருக்கும். அல்லது அது வியாழக்கிழமையாக வந்து, திங்களிலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக்கூடாது. ஆடி கழிந்தால் தீபாவளி, அது முடிந்தால் ஊர் மாரியம்மன் நோம்பி, நோம்பிக்கு வந்த சனம் ஊருக்குத் திரும்பட்டும், தை பிறக்கட்டும் என்று ஒவ்வொரு தேதியும் அடுத்த தேதியின் கையில் நம்மைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். நல்ல நாள் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. புதிய லேத்தைப் பட்டறைக்குள் இறக்கும்போது நானும் பஞ்சாங்கம் பார்க்கிறேன். காலையில் அரை மணி நேரம் நடப்பதற்குப் பஞ்சாங்கம் தேவையில்லை.

நாள்கள் போவது முதல் கேடுதான்; அதைவிடப் பெரிய கேடு அந்த இடைவெளியில் நடக்கிறது. சும்மா இருக்கும் காலத்தில் குற்ற உணர்வு வட்டி போடத் தொடங்கும். விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிட வேண்டும் என்று திட்டம் ஊதிப் பெருக்கும். அரை மணி நேர நடை, மனக்கணக்கில் ஒரு மணி நேர ஓட்டமாகிவிடும். உடம்போ இதற்கு நேர்மாறாக, வாரக் கணக்கில் சும்மா இருந்து தளர்ந்து போயிருக்கும். ஆகவே, திட்டம் மிகப் பெரியதாகவும் உடம்பு மிகப் பலவீனமாகவும் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் ஒண்ணாந்தேதிக்காரர்கள் களத்தில் இறங்குகிறார்கள்.

நான் இறங்கியது ஒரு தை முதல் நாளில். ஐந்து மாத இடைவெளி. ரேஸ் கோர்ஸ் ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். நான்கு சுற்று ஓடுவது என்று முந்தைய இரவு சபதம் செய்திருந்தேன். இரண்டு சுற்று வரை மூச்சு தாங்கியது. அந்தத் தாங்கலை நம்பியதுதான் பிசகு. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், தசைகளும் தசைநாண்களும் அதைவிட மெதுவாகத்தான் பழகும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மூன்றாம் சுற்றின் நடுவில், இடது கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போலிருந்தது. உண்மையாகவே யார் அடித்தது என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்தவர் ஒரு வயதான அம்மா. தசை கிழிந்திருந்தது. மூன்று வாரம் நொண்டினேன், அதற்குப் பிறகும் ஆறு வாரம் நடைப்பயிற்சி இல்லை. அது முடிந்தபோது பங்குனி. நான் செய்தது என்ன தெரியுமா? சித்திரை ஒன்றுக்காகக் காத்திருந்தேன்.

என் தொழிலில் இதற்கு நேரான ஒன்று உண்டு. தண்ணீர் இறைக்கும் மூன்று பேஸ் மோட்டாரை நேரடியாகப் போட்டால், ஓடத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் அது வழக்கமாக இழுப்பதைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை மின்சாரம் இழுக்கும். பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பதே அந்த முதல் இழுப்பை மட்டுப்படுத்துவதற்காகத்தான். முறையாக ஓடிக்கொண்டே இருக்கும் மோட்டார் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். போட்டுப் போட்டு நிறுத்தினால், ஒவ்வொரு தொடக்கத்தின் சூடும் காயிலில் சேர்ந்து, வார்னிஷ் கருகி, ஒரு நாள் வாடை அடிக்கும். அதற்குப் பிறகு என் பட்டறைதான். எரிந்த காயிலை உருவிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான், ஆறு ஆண்டுகளில் குறைந்தது ஒன்பது முறை நான் முதல் நாளிலிருந்து தொடங்கியிருக்கிறேன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயிற்சியில் மிகவும் கடினமான பகுதி தொடக்கம். அந்தக் கடினத்தையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வரும் சுகத்தை ஒருமுறைகூட அனுபவிக்காமல் இருந்திருக்கிறேன்.

பணமும் போயிற்று. அந்த ஆண்டுகளில் ஒருமுறை, ஆர்வம் உச்சத்தில் இருந்த நாளில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுச் சந்தாவாக 14,000 ரூபாய் கட்டினேன். போனது 19 நாள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 737 ரூபாய். கூடத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை. இருபதாம் நாள் போகவில்லை, சரி, அடுத்த ஒண்ணாந்தேதி என்று விட்டதுதான் முடிவு. மாதச் சந்தா கட்டியிருந்தால் இழப்பு சிறியதாக முடிந்திருக்கும்.

சரியான வழி சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. தவறிய நாளுக்கு அடுத்த நாளே போக வேண்டும். வழக்கத்தைவிடக் குறைவாகச் செய்ய வேண்டும். விட்டதை ஈடுகட்ட முயலவே கூடாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் ஆகிவிடும் என்ற கணக்கை நம்பி, இருபத்திரண்டாம் நாள் கசந்ததும் தனக்கு மனவுறுதி இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் தெரிந்தது. கெட்டுப்போனது என்று நாம் நினைக்கும் அந்த ஒன்பதாம் தேதி, உண்மையில் எதையும் கெடுக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, மிதமான வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்த விதியையும் 2020 இல் எடுத்துவிட்டார்கள். எனவே, முடியாத நாளில் ஐந்து நிமிடம் நடந்தாலும் அது கணக்குதான். என் வீட்டுத் தினசரி நாட்காட்டியில், கிழிப்பதற்கு முன் ஒவ்வொரு தாளிலும் நிமிடத்தை எழுதுகிறேன். 5 என்று எழுதிய தாள்கள் நிறைய உண்டு. அவற்றைப் பார்த்துச் சிரித்த என் மகள், இப்போது தானும் அதிலேயே எழுதுகிறாள்.

முதல் மாதமே ஸ்மார்ட் வாட்ச் வாங்குவது

நூறு நாள் நடந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

"தோட்டத்து வேலையே போதுமுங்க" என்பது

களை வெட்டுகிறவர்களுக்குப் பொருந்தும். புல்லட்டில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பொருந்தாது.

ஆண்டுக்கு ஒரு வெள்ளியங்கிரி

மாசிக்கும் சித்திரைக்கும் நடுவே ஏழு மலை ஏறி இறங்கிவிட்டு, மூன்று நாள் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்து நடக்கிறவர்களை நன்றாக அறிவேன். பக்தி வேறு, பயிற்சி வேறு. மலைக்குப் போகிறவர்கள், அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரந்தோறும் மருதமலைப் படிகளை ஏறிப் பழகினால் இரண்டும் நிறைவேறும்.

நாள்தோறும் எடை பார்ப்பது

நேற்று சாப்பிட்ட ஊறுகாயின் உப்பு உடலில் நீரைப் பிடித்து வைத்தாலே முள் முக்கால் கிலோ ஏறிவிடும். அதைப் பார்த்து மனம் உடைவது வீண்.

துணையை முழுவதும் நம்புவது

துணை நல்லதுதான். வாசலில் ஒருவர் நிற்கிறார் என்ற கூச்சமே பல நாள் என்னைக் கிளப்பியிருக்கிறது. ஆனால் அவருக்குக் காய்ச்சல் என்றால் நமக்கும் விடுமுறை என்று ஆகிவிடக்கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பக்கம் நான்கு பேர் சேர்ந்து நடந்தால் அந்த நடை பேக்கரியில்தான் போய் முடியும். அரை மணி நேர வேக நடையில் எழுபது கிலோ எடையுள்ளவர் சுமார் 150 கலோரி செலவழிக்கிறார். ஒரு முட்டை பப்ஸும் சர்க்கரை போட்ட டீயும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். பேக்கரியை விடச் சொன்னால் கூட்டமே கலைந்துவிடும் என்பதால், டீயை வைத்துக்கொண்டு பப்ஸை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினோம். இரண்டு பேர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

காற்றுக்கும் மழைக்கும் மாற்று இல்லாமல் இருப்பது

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போடும். ஐப்பசியில் விடிகாலை மழை. இந்த நாள்களுக்கு வீட்டுக்குள் செய்ய ஒன்றை முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை, மாடிப்படி ஐந்து முறை. இதை இரண்டு தடவை செய்தால் போதும். வாரத்தில் இரண்டு நாள் இதைச் செய்தால், தசைக்கான கணக்கும் இதில் அடங்கிவிடும்.

விடிகாலை ஐந்து மணிதான் நேரம் என்று நம்புவது

இதைப் பரப்புகிறவர்கள் பெரும்பாலும் காலையில் சமைக்க வேண்டியிராத ஆண்கள். மில்லில் மூன்றாம் ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு வெளியே வருகிறவருக்கு அது தூங்கும் நேரம். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு அது சோறு வடித்து, தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் கிளப்பும் நேரம். அவர்களிடம் ஐந்து மணிக்கு எழுந்து நடக்கச் சொன்னால், நான்கு நாளில் விட்டுவிட்டுத் தமக்கு ஊக்கம் இல்லை என்று தம்மையே நொந்துகொள்வார்கள். என் மனைவியும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நொந்துகொண்டிருந்தார். என்னோடு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தியது என் தவறு. இப்போது இரவு எட்டேகால் மணிக்கு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போகிறார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரை போய்த் திரும்பினால் நாற்பது அடி. போனில் அவருடைய அக்காவோடு பேசிக்கொண்டே அரை மணி நேரம் நடக்கிறார். அந்த நேரத்தில் கீழே அடுப்பில் எதுவும் இருக்கக்கூடாது என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சட்டம்.