பாதம் தொங்கினால் தசையைப் பாருங்கள்: நரம்புக் காயத்தை ஸ்கேனில் படிப்பது எப்படி

நடக்கும்போது செருப்பு முனை தரையில் தேய்கிறது, படியில் பெருவிரல் இடிக்கிறது, பாதத்தை மேலே தூக்க வரவில்லை. இப்படி ஒருவர் வந்து நின்றால் பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. 40 வயதைத் தாண்டிய முதுகில் எங்கேயாவது ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும், அது எல்4-எல்5 இல் (கீழ்முதுகின் 4, 5 ஆவது முள்ளெலும்புகளுக்கு நடுவே) இருந்துவிட்டால் பழி முழுக்க அதன் மேல் விழுந்துவிடும். உண்மையில் அடிபட்டது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமுள்ள மெல்லிய ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பெரோனியல் நரம்பாக இருக்கலாம். இரண்டில் எது என்று கால் தசைகள் பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். ரேடியாலஜி படிப்பவர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், ஸ்கேன் டெக்னீஷியன்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நோயாளியாகப் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் ரிப்போர்ட் புரிய இது உதவும், தீர்ப்பை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

நரம்புத் தொடர்பு அறுந்த தசையில் முதலில் நீர் கூடும், பிறகு கொழுப்பு ஏறும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தசை இழைகள் சுருங்க ஆரம்பிக்க, இழைகளுக்கு வெளியே இருக்கும் நீரின் பங்கு கூடுகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் ரத்தம் அதிகமாகிறது. எம்.ஆர்.ஐ-யில் படம் எடுக்கும் ஒவ்வொரு முறையையும் வரிசை என்பார்கள். நீரை வெள்ளையாகக் காட்டும் ஸ்டிர் என்ற வரிசையில் அந்தத் தசை வெள்ளையாக மின்னும், அதே நேரத்தில் கொழுப்பை வெள்ளையாகக் காட்டும் டி1 படத்தில் ஒன்றுமே தெரியாது. மாதங்கள் போகப் போக, நரம்பு திரும்ப வராவிட்டால், தசை சூம்பி, டி1 படத்தில் வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு தெரிய ஆரம்பிக்கும். அதனால் இரண்டு வரிசையும் கட்டாயம் வேண்டும். ஸ்டிர் கொழுப்பை அமுக்கிவிடும் என்பதால், முழுக்கக் கொழுப்பாகிப்போன தசை அதில் வெள்ளையாக மின்னாது, அதை மட்டும் பார்ப்பவர் 'எல்லாம் சரி' என்று எழுதிவிடுவார். கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே வேண்டுமென்றால் நீரையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டும் டிக்ஸன் வரிசை எடுக்கலாம். இல்லாவிட்டால் கூட்டாலியே அளவுகோல் போதும். 1994 இல் தோள் தசைகளின் சி.டி. படங்களை வைத்து வந்தது அது: 0 என்றால் கொழுப்பே இல்லை, 1 என்றால் சில கோடுகள், 2 என்றால் தசையைவிடக் கொழுப்பு குறைவு, 3 என்றால் சரிபாதி, 4 என்றால் கொழுப்புதான் அதிகம்.

எப்போது எடுப்பது? அடிபட்ட மறுநாளே எடுத்து 'தசை நன்றாக இருக்கிறது' என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. மாற்றம் சில நாட்களிலேயே தெரிவதும் உண்டு, ஆனால் நம்பிப் பேச 2 வாரமாவது விடுங்கள். தசையின் மின்னோட்டத்தை ஊசி போட்டுப் பார்க்கும் இ.எம்.ஜி சோதனையும் 2 முதல் 3 வாரம் கழித்துத்தான் முழுதாகப் பேசும். ஒரு சின்ன விஷயம்: இ.எம்.ஜி ஊசி குத்திய இடமே ஸ்டிர்-இல் வெள்ளையாகத் தெரியலாம், எந்தத் தசையில் எப்போது குத்தினார்கள் என்று ஸ்கேன் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது எவ்வளவு தூரம் எடுப்பது. அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். 'முழங்கால் எம்.ஆர்.ஐ' என்று எழுதினால் ஜவ்வையும் தசைநாரையும் பார்க்கும் படங்கள்தான் வரும், முன்னங்கால் (முழங்காலுக்குக் கீழே முன்பக்க) தசைகள் படத்துக்கு வெளியே போய்விடும். தொடையின் நடுவிலிருந்து கெண்டைக்காலின் நடுவரை குறுக்குவெட்டுப் படங்கள் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். முடிந்தால் இரண்டு காலும் ஒரே படத்தில் வரட்டும், நல்ல காலைப் போல ஒப்பிட வேறு எதுவும் இல்லை. பக்கத்தில் பிளேட், ஸ்க்ரூ இருந்தால் கொழுப்பை அமுக்கும் மற்ற முறைகள் சொதப்பும், ஸ்டிர் ஓரளவு தாங்கும். காயிலுக்கு (காலின் மேல் வைத்து சிக்னலை வாங்கும் கருவிக்கு) மிக அருகில் இருக்கும் தசை சும்மாவே கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

படம் வந்தாயிற்று. எவ்வளவு வெள்ளை என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தெந்தத் தசை வெள்ளை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். முன்பக்கம் டிபியாலிஸ் ஆன்டீரியர், விரல்களை நீட்டும் தசைகள், வெளிப்பக்கம் பெரோனியஸ் லாங்கஸ், பிரெவிஸ், இவை மட்டும் மாறியிருந்தால் பெரோனியல் நரம்பு. வெளிப்பக்கத் தசைகள் தப்பி முன்பக்கம் மட்டும் என்றால் அதன் ஆழ்கிளை. கூடவே பின்னால் ஆழத்தில் இருக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியரும் முழங்கால் மடிப்பிலுள்ள பாப்ளிட்டியஸும் மாறியிருந்தால், இவை டிபியல் நரம்பின் தசைகள், பெரோனியல் நரம்பு மட்டும் கெட்டால் இப்படி ஆகாது. அப்போது முதுகில் எல்5 வேரை (தண்டுவடத்திலிருந்து கிளம்பி இந்த இரண்டு நரம்புகளுக்கும் இழை தரும் நரம்பு வேரை) தேடலாம், புட்டத்தில் குளூட்டியஸ் மீடியஸும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும். அப்புறம் எனக்குப் பிடித்த தசை ஒன்று இருக்கிறது: தொடையின் பின்பக்கம் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலை. தொடையின் பின்னால் இறங்கும் பெரிய சயாட்டிக் நரம்பின் பெரோனியல் பகுதியிலிருந்து முழங்காலுக்கு மேலேயே கிளை வாங்கிக்கொள்ளும் தசை இது. இது வெளுத்திருந்தால் காயம் ஃபிபுலா கழுத்துக்கு மேலே, இடுப்புப் பக்கம் போய்த் தேடுங்கள்.

ஃபிபுலா கழுத்துதான் என்று முடிவானால், அங்கே என்ன அழுத்துகிறது என்று பாருங்கள். இறுக்கமான மாவுக்கட்டு, நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்து வேலை செய்தது, கால் மேல் கால் போடும் பழக்கம், திடீரென்று உடல் மெலிந்தது, இவை எல்லாம் கேட்டால் வரும் காரணங்கள். கேட்டால் வராத காரணம் ஒன்று உண்டு: பக்கத்து மூட்டிலிருந்து நரம்புக்குள்ளேயே ஊறிப்போகும் கேங்கிலியான் நீர்க்கட்டி. அதை அறுவை சிகிச்சையில் சரிசெய்ய முடியும் என்பதால் தவறவிடக் கூடாது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் நரம்புக் காயம் இல்லை. கடுமையான உடற்பயிற்சி, தசைக் கிழிசல், அடிபட்ட வீக்கம், தசை அழற்சி எல்லாமே மின்னும். கிழிசலிலும் அடியிலும் தசையைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்திருக்கும், தோலுக்கு அடியிலும் வீக்கம் இருக்கும். நரம்பு அறுந்த தசையோ கோடு போட்டாற்போல் தன் எல்லைக்குள்ளேயே நிற்கும், சுற்றிலும் சுத்தமாக இருக்கும்.

3 வாரத்துக்கு மேல் ஆகியும் பாதம் தொங்குகிறது, ஆனால் தசை படத்தில் நன்றாகவே இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. நரம்பின் உள்ளிழை அறுபடாமல் கடத்தல் மட்டும் தடைப்பட்டிருக்கலாம், 1943 இல் செடன் நியூராப்ராக்சியா என்று பெயரிட்ட வகை. தசை வெளுத்திருந்தாலோ, உள்ளிழை மட்டும் அறுந்ததா, நரம்பே துண்டானதா என்று தசையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு நரம்பையே நேராகப் பார்க்க வேண்டும்.

அதற்கு அல்ட்ராசவுண்ட் அருமையான கருவி, செலவும் குறைவு. தசைக்கும் அதையே வைக்கலாம். லீனியர் புரோப், நிறைய ஜெல், அழுத்தாமல், தசைக்குச் செங்குத்தாக. புரோப் சாய்ந்தால் படத்தின் வெளுப்பு மாறிவிடும். கெயினையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஆழத்தையும் ஒருமுறை வைத்துவிட்டு, நல்ல காலுக்குப் போகும்போது தொடவே தொடாதீர்கள், தொட்டால் ஒப்பீடு வீண். நல்ல தசை கறுப்பாக, நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகளுடன் இருக்கும். கெட்டது மங்கலாக வெளுத்து, மெலிந்து, அடியில் உள்ள எலும்பின் கோடே மறையத் தொடங்கும். 1982 இல் வந்த ஹெக்மேட் அளவுகோலின் 4 படிகளும் இதை வைத்துத்தான்: 1 இயல்பு, 2 இல் வெளுப்பு கூடினாலும் எலும்பு தெளிவு, 3 இல் எலும்பு மங்கல், 4 இல் எலும்பே தெரியாது. வயதானால் எல்லோருடைய தசையும் கொஞ்சம் வெளுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ-யால் எளிதில் முடியாத ஒன்றையும் இங்கே செய்யலாம்: பாதத்தைத் தூக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள், கண்ணுக்குப் பாதம் அசையாவிட்டாலும் தசை லேசாகப் புடைப்பது தெரியலாம்.

மறுபடி எப்போது எடுப்பது என்பதற்குக் கணக்கு எளிது. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். ஃபிபுலா கழுத்திலிருந்து முன்னங்கால் தசை பக்கம்தான், சில மாதங்களில் எட்டிவிடலாம். பைக்கில் விழுந்து கழுத்தருகே நரம்புப் பின்னலில் அடி வாங்கியவருக்குக் கைவிரல் தசைவரை 60 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டும், கிட்டத்தட்ட 2 வருடம், ஆனால் தசையில் நரம்பு வந்து சேரும் முனைகள் 12 முதல் 18 மாதத்துக்கு மேல் காத்திருக்காது. அதனால் 'பார்த்துக்கொண்டிருப்போம்' என்று மாதங்களைக் கடத்துவது எல்லோருக்கும் பொருந்தாது. மறு ஸ்கேனை அதே மெஷினில், அதே வரிசைகளில் எடுத்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஸ்டிர் வெளுப்பு அடங்கி, டி1-இலும் கொழுப்பு ஏறாமல் இருந்தால் நரம்பு திரும்பி வந்திருக்கிறது. ஸ்டிர் அடங்கியும் டி1 வெளுத்திருந்தால், அந்தத் தசைக்கு நரம்பு வரக் காத்திருப்பதை விட்டுவிட்டு, வேறொரு நல்ல தசையின் நாணை மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதற்கு முன் அந்த நல்ல தசை, பொதுவாக டிபியாலிஸ் போஸ்டீரியர், நிஜமாகவே நல்ல நிலையில் இருக்கிறதா என்று அதே படத்தில் பார்த்து ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.