டின்னர் இரவில் கண்மையும் பீரும்: கண் காயாமல் வீடு திரும்ப

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவரிசையின் மாடியில் என் அழகு நிலையம் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக மணப்பெண் அலங்காரம்தான் தொழில். விடிகாலை நாலு மணிக்கு முகூர்த்தத்துக்கு ஒரு பெண், சாயங்காலம் ஐந்து மணிக்கு டின்னருக்கு அதே பெண்ணும் அவள் பக்கத்து ஆட்கள் ஆறேழு பேரும். இத்தனை கண்களுக்கு மை தீட்டியவள், என் கண்ணைக் கவனித்தது மூன்று வருடத்துக்கு முன்னால்தான்.

அக்கா மகள் கல்யாணம். உள்விளிம்பில் வாட்டர்புரூஃப் காஜல், மேலே ஒட்டு இமை, ஓரத்தில் கொஞ்சம் ஜிகினா என்று எனக்கும் நானே போட்டுக்கொண்டேன். மேசைக்கு பீர் ஜக்கு ஜக்காக வந்தது. மச்சான் ஊற்ற ஊற்ற மூன்று கிளாஸ், அப்புறம் யாரோ நீட்டிய விஸ்கி கொஞ்சம். வீட்டுக்கு வந்து ஊசிகளைக் கழற்றி சேலையை நாற்காலியில் போட்டது ஞாபகம் இருக்கிறது. முகம் கழுவியது ஞாபகம் இல்லை, ஏனென்றால் கழுவவில்லை. காலையில் இமை இரண்டும் ஒட்டிக்கிடந்தன. பிரித்துத் திறந்தால் மிளகாய் அரைத்த கையால் தேய்த்த மாதிரி எரிச்சல். தலையணையில் ஜிகினா.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனேன். மஞ்சள் சாயம் தோய்ந்த ஒரு காகிதத் துண்டைக் கண்ணின் ஓரத்தில் தொட்டு வைத்தார். "சிமிட்டாதீங்க காக்" (காக் என்றால் மலாயில் அக்கா) என்று சொல்லி, நீல வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலிலேயே கண்ணீர்ப் படலம் உடைந்துவிட்டதாம். பத்து விநாடிக்குக் குறைந்தாலே கண் காய்கிறது என்று சந்தேகப்படுவார்களாம். பிறகு கீழிமையை விரலால் மெல்ல அழுத்தினார். நல்லெண்ணெய் மாதிரி தெளிவாகக் கசிய வேண்டியது பற்பசை மாதிரி வெளியே வந்தது.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகச் செய்துவிடுவீர்கள். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கண்ணை ஒட்டி வழவழப்பாக ஒரு பூச்சு, அதன் மேல் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய்தான் தண்ணீர் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. அதைச் சுரக்கும் சுரப்பிகள் இமைக்குள்ளே வரிசையாக நிற்கின்றன. மேலிமையில் சுமார் 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30. அவற்றின் வாய் திறப்பது இமைமயிருக்குப் பின்னால் இருக்கும் ஈரமான விளிம்பில், அதாவது நாம் பார்த்துப் பார்த்துக் காஜல் இழுக்கும் அதே இடத்தில். 1666இல் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றை விவரித்து எழுதியதால் மைபோமியன் சுரப்பி என்று பெயர். பெயரிலேயே மை இருக்கிறது, ஆனால் மை போகக்கூடாத இடம்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மரத்துக்குப் போனதும் கத்தியை எடுக்கமாட்டார். முதல் வேலை, வெட்டுக்கோட்டில் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்தெடுப்பது. அதை விட்டுவிட்டு வெட்டினால் புதுப்பால் கோட்டில் ஓடாமல் கண்ட பக்கம் வழியும், பால் பிடிக்கும் மங்குக்கு வராது. டாக்டர் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் பாட்டிதான் கண்ணில் தெரிந்தார். மரத்தில் பால் இருக்கிறது, கோடு அடைத்துக் கிடக்கிறது.

ஆக, மை எண்ணெயை அடைக்கிறது. மது கெடுப்பது தண்ணீரை. சிறுநீரகத்திடம் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று உண்டு, மது அதை அடக்கிவிடும். டின்னரில் கழிப்பறை வாசலில் நீளும் வரிசைக்குக் காரணம் அதுதான். "பீரில் தண்ணிதானே இருக்கு" என்று மச்சான் இன்றைக்கும் வாதாடுவார். உடம்பு பிடித்து வைக்க வேண்டியதையும் மது வெளியே தள்ளும் என்றால் அவருக்கு ஏறாது. இதோடு முடியவில்லை. குடித்த மது கண்ணீரிலேயே கலந்து வருகிறது. கொரியாவில் ஆரோக்கியமான ஆண்களுக்கு மது கொடுத்துச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்ணீரில் மது இருந்தது, கண்ணீரின் உப்புச்செறிவு கூடியது, படலம் சீக்கிரம் உடைந்தது. மை பூசாத கண்ணிலேயே இப்படி.

இரண்டும் சேரும் இரவில் உண்மையான கெடுதல் மூன்றாவதாக வருகிறது: குடித்தவள் மேக்கப்பைக் கலைக்காமல் தூங்கிவிடுகிறாள். நான் சொல்லப்போகும் வழிமுறையில் பாதி அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அதனால் வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். டின்னருக்குக் கிளம்பும் முன், மேக்கப் கலைப்பதற்கான சாமான்களைத் தலையணை மேலேயே வைத்துவிடுங்கள். குளியலறையில் வைத்தால் வேலைக்கு ஆகாது, பதினோரு மணிக்கு அவ்வளவு தூரம் நடக்கமாட்டீர்கள். ஒரு தட்டில் பஞ்சு, காது குடையும் பஞ்சுக்குச்சி, ரிமூவர், தண்ணீர்ப் போத்தல், கண்ணில் லென்ஸ் போட்டிருந்தால் அதன் டப்பா. தட்டை நகர்த்தினால்தான் படுக்க முடியும்.

இப்போது மேக்கப். செயற்கைக் கண்ணீர் சொட்டுபவர்கள் முதலில் அதை விட்டு ஒரு கால் மணி நேரம் காத்திருங்கள். லென்ஸ் மேக்கப்புக்கு முன் உள்ளே போக வேண்டும், வீட்டுக்கு வந்ததும் மேக்கப் கலைக்கும் முன் வெளியே வர வேண்டும். லென்ஸோடு தூங்குவது கருவிழிக்குக் கிருமியை விருந்துக்கு அழைப்பது. உங்களுக்கு ஏற்கெனவே கண் காய்கிறது என்றால் அந்த இரவுக்குக் கண்ணாடியே மேல். கலர் லென்ஸை ஒரு நாளும் தோழியிடம் இரவல் வாங்காதீர்கள்.

கோடு எங்கே இழுப்பது என்பதில்தான் எனக்கும் மணப்பெண்களுக்கும் சண்டை. "அக்கா, உள்ள இழுத்து வைங்க, அப்பத்தான் போட்டோல கண்ணு தெரியும்" என்பார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2015இல் இதைப் படம் பிடித்தே பார்த்தார்கள். உள்விளிம்பில் போட்ட ஜிகினா ஐலைனரின் துகள்கள் ஐந்தே நிமிடத்தில் கண்ணீருக்குள் போய்விட்டன, வெளிப்பக்கம் போட்டதைவிட 15 முதல் 30 சதவீதம் அதிகமாக. நான் இப்போது செய்வது இது: பெண்ணைக் கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையைப் புருவ எலும்போடு சேர்த்து விரலால் லேசாகத் தூக்கி, இமைமயிர்களின் வேருக்கு வெளியே சின்னச் சின்னப் புள்ளிகளாக வைக்கிறேன். பிறகு அந்தப் புள்ளிகளைத் தட்டைப் பிரஷ்ஷால் இணைக்கிறேன். மயிருக்கு மயிர் இடைவெளி நிரம்பிவிடும். போட்டோவில் உள்ளே இழுத்த மாதிரியேதான் தெரியும். கீழிமையில் வெளி ஓரம் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்.

மஸ்காராவை மயிரின் நுனிப் பாதிக்குப் பூசினால் போதும். மூன்று மாதம் ஆனதும் தூக்கிப் போடுங்கள், பாதி மிச்சம் இருந்தாலும் சரி. காய்ந்துவிட்டது என்று தண்ணீரோ, சிலர் செய்வதுபோல் எச்சிலோ விட்டுக் கலக்காதீர்கள். பொடி ஐஷேடோ உதிரும், கிரீம் உதிராது. ஜிகினாவைக் கண்ணுக்குப் பதில் கன்ன எலும்பில் வைக்கலாம்.

ஒட்டு இமை வேண்டும் என்றால் குட்டையாகப் பாருங்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆட்கள் 2015இல் இருபதுக்கும் மேற்பட்ட பாலூட்டிகளின் இமைமயிரை அளந்தார்கள். பெரும்பாலும் கண் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் இருந்தது. அந்த நீளத்தில்தான் கண் மிகக் குறைவாகக் காய்கிறது, அதைவிட நீண்டால் மயிரே காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடுகிறது. மண்டபத்து மேடையில் ஆளுயர மின்விசிறி சுழலும்போது, விசிறி மாதிரி நீண்ட இமை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

'ஆல்கஹால்' கிளாஸில் மட்டும் இல்லை. மேக்கப் நிற்பதற்காகக் கடைசியில் அடிக்கும் ஸ்பிரேயிலும், சில ரிமூவர்களிலும் டோனர்களிலும் இருக்கிறது. லேபிளில் 'ஆல்கஹால் டீனாட்' (Alcohol Denat.) என்று இருந்தால் அது உலர்த்தும் வகை. 'சிட்டைல்', 'ஸ்டியரில்' என்று முன்னால் பெயர் ஒட்டியிருந்தால் அது கொழுப்பு வகை, அதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்பிரே அடிக்கும்போது கண்ணை மூடி, மனசுக்குள் இருபது வரை எண்ணிவிட்டுத் திறங்கள். இன்னொன்று, மலேசியாவில் முறையாக விற்கும் அழகுப்பொருளுக்கு 'நொட்' (NOT) எழுத்துகளில் தொடங்கி 'கே'யில் (K) முடியும் அறிவிப்பு எண் இருக்கும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் காஜலுக்கு அந்த எண் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஊரிலிருந்து பெட்டியில் வரும் சுர்மா என்ற கண்மைப் பொடியும் வேண்டாம். ஈயம் கலந்த சுர்மாக்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. பிள்ளைகளின் கண்ணுக்கு எந்த மையுமே வேண்டாம். பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், பொட்டைக் கன்னத்தில் வைத்துச் சமாளியுங்கள்.

மண்டபத்தில் குளிர்சாதனக் காற்றோ விசிறியோ நேராக முகத்தில் அடிக்காத நாற்காலியைப் பிடியுங்கள். குடிக்காமல் இருக்க முடிந்தால் கண்ணுக்கு அதைவிட நல்லது இல்லை. குடிப்பவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர். தண்ணீர் எல்லாவற்றையும் ஈடுகட்டாது, ஆனால் அடுத்த கிளாஸைத் தள்ளிப்போடும். பாதி லாபம் அதில்தான். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள், மச்சான்களிடம் விடாதீர்கள். கண் உறுத்தினால் தேய்க்காமல், மெதுவாக மூடி, இரண்டு விநாடி வைத்து, லேசாக இறுக்கித் திறங்கள். நாலைந்து தடவை செய்தால் எண்ணெய் கொஞ்சம் கசியும்.

வீட்டுக்கு வந்தாயிற்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், லென்ஸைக் கழற்றுங்கள். ரிமூவர் நனைத்த பஞ்சை மூடிய கண் மேல் வைத்து அரை நிமிடம் சும்மா இருங்கள். இந்த அரை நிமிடம்தான் யாருக்கும் பொறுமை இல்லாத இடம். மை தானாக இளகும், பிறகு மூக்கிலிருந்து காது பக்கமாக இல்லாமல் மேலிருந்து கீழாக, மயிர் போகும் திசையிலேயே இழுத்தால் ஒரே தடவையில் வந்துவிடும். ஒட்டு இமையைப் பிய்க்காமல் அதன் பசையையும் இப்படித்தான் இளக்க வேண்டும். மிச்சத்தைப் பஞ்சுக்குச்சியால் வேர் ஓரமாக எடுங்கள். தேங்காய் எண்ணெய் வாட்டர்புரூஃப் மையை நன்றாகவே கரைக்கும், ஆனால் கண்ணுக்குள் போனால் மங்கலாகத் தெரியும், எரியவும் செய்யும். அதனால் கொஞ்சமாக எடுத்து, பின்னால் வெதுவெதுப்பான நீரால் கழுவிவிடுங்கள்.

காலையில் ஒத்தடம். என் முறை இது: சுடுநீர்ப் பிளாஸ்கிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்து, மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டால் இதமான சூடு, சுடக்கூடாது. இரண்டு சின்னத் துண்டு. ஒன்றைக் கண் மேல் வைத்தால் இரண்டு நிமிடத்துக்குள் ஆறிவிடும், அதற்குள் மற்றது கிண்ணத்தில் தயார். இப்படி மாற்றி மாற்றிப் பத்து நிமிடம். உறைந்த எண்ணெய் இளக அவ்வளவு நேரம் சூடு நிற்க வேண்டும், ஒரே துண்டை வைத்துவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. முடிந்ததும் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல வருடுங்கள். அன்றைக்கு மை வேண்டாம்.

சொட்டு மருந்தில் பதப்படுத்தி கலக்காத, ஒரு வேளைக்கு உடைத்து ஊற்றும் சின்னக் குப்பி நல்லது. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் கட்டாயம் அதுதான். 'சிவப்பைப் போக்கும்' சொட்டு வேண்டாம். ரத்தக்குழாயைச் சுருக்கி வெள்ளையாக்கும், விட்டதும் முன்னைவிடச் சிவக்கும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் சில மாத்திரைகளும் கண்ணைக் காய வைக்கும் என்பதை மறக்காதீர்கள்.

வலி இருந்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாவிட்டாலோ, சிமிட்டியும் மங்கல் போகாவிட்டாலோ, சீழ் வந்தாலோ, ஒரு கண் மட்டும் சிவந்திருந்தாலோ ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், லென்ஸ் போடுபவர்கள் இன்னும் அவசரமாக. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். போகும்போது போட்ட மேக்கப் சாமானையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். என்னிடம் அந்த டாக்டர் முதலில் கேட்டது, "என்ன ஐலைனர் காக்?" பத்தொன்பது வருட அனுபவசாலி நான் சொன்ன பதில், "கறுப்பு."